படத்தில் விழாத பறவைகள்



படம் பிடித்தல் என்று நம் தமிழில் ஒரு வழக்கு உண்டு. மீனைப் பிடிக்கிறோம், கிளியைப் பிடிக்கிறோம், ஓடும் திருடனைப் பிடிக்கிறோம். அவ்வாறே படத்தையும் பிடிக்கிறோம். நில்லாமல் போய்க்கொண்டிருக்கும் ஒன்றை வளைத்து நம் கைக்குள் கொண்டுவருவது என்னும் பொருள் அச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது.

கடந்த ஜூலைத் திங்களில் நார்வே நாட்டின் கடற்கரையில் மூன்று வாரங்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. இலங்கைப் போரின் காலத்தில், 1980-களில் தொடங்கி, அந்நாட்டின் வடபுல மீன் தொழிற்சாலைகளில் வேலைக்கமர்ந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே உள்ளன. அத்தகைய கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று என்னை அழைத்துக் கரை நெடுகக் காட்டியது. திரும்பி வந்தபின், எடுத்து வந்த நிழற்படங்களை நம் மறைக்கல்விப் பிள்ளைகளுக்குத் திரையிட்டேன். மலையும் கடலும் வானமுமாகப் படங்கள் வந்துகொண்டேயிருந்தன. இடையில் ஒரு சிறுமி எழுந்து, "சாமி, இந்தக் கடலில் பறவையே கிடையாதா?" என்று கேட்டாள். கேள்வி சிறியதுதான். ஆனால் அதற்கு இரண்டு நிமிடத்தில் விடை கூற இயலவில்லை. ஆகவே இம்மாதப் பக்கத்தை அதற்கென்றே ஒதுக்குகிறேன்.

முதலில் அந்தக் கரையைச் சற்றே மனக்கண்முன் கொண்டுவாருங்கள். கடல் உட்புகுந்த வளைவுகளை விட்டுவிட்டுக் கரையோரமாக அளந்தால் அது 2,500 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். ஆனால் பண்டைப் பனியாறுகள் குடைந்த ஆழமான பள்ளத்தாக்குகளில் கடல் புகுந்து, நாட்டின் உள்ளே நெடுந்தொலைவு நீண்டு கிடக்கிறது. ஃபியோர்டு என்று அவற்றைச் சொல்வர். அவற்றின் வளைவு நெளிவுகளையும் எண்ணற்ற தீவுகளின் கரைகளையும் சேர்த்து அளந்தால் ஏறத்தாழ 1,00,000 கிலோமீட்டர் ஆகிவிடுமாம்! வடதுருவ வட்டத்துக்கு அப்பாலும் அக்கரையின் துறைமுகங்கள் உறைவதில்லை. அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டம் வந்து அவற்றைத் தழுவிக்கொண்டிருப்பதே காரணம்.

லோபோட்டன் தீவுகளில் மே மாத இறுதி முதல் ஜூலை நடு வரை கதிரவன் மறைவதேயில்லை. நள்ளிரவில் அது வடக்குத் திசையில், கடலின் விளிம்பை ஒட்டினாற்போல் நிற்கிறது. இதனால் விளையும் ஒரு புதுமையை எந்த நூலிலும் நான் படித்திருக்கவில்லை. கண்ணால் கண்டே அறிந்தேன். பகலெல்லாம் நிழலில் கருத்துக் கிடக்கும் மலையின் வடக்கு முகம் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குப் பொன்னிறமாகச் சுடர்விடுகிறது. பகலில் ஒளிபெற்ற தெற்கு முகமோ அப்போது இருண்டு கிடக்கிறது. ஒரே மலைக்கு இரண்டு முகம். ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வேளை. படம் எடுப்போர் அங்கே பகலில் உறங்கி இரவில் விழித்திருப்பதை விந்தையென்று சொல்வதற்கில்லை.

அக்கரையை முதன்முதல் முறையாகப் படம் எடுத்தவர்களுள் தலையாயவர் க்னூட் க்னூட்சன் என்பவர். 1832-இல் ஹார்டாங்கர் ஃபியோர்டின் உட்கோடியில் உள்ள ஓடா என்னும் சிற்றூரில் பிறந்தார், 1864-இல் பெர்கன் நகரில் நிழற்பட நிலையம் தொடங்கினார், 1915-இல் மறைந்தார். கப்பலிலும் குதிரை வண்டியிலும் கால்நடையாகவும் தென்கோடி முதல் வடபுலம் வரை அவர் அலைந்தார். அவர் அலைந்ததைவிடச் சுமந்ததுதான் வியப்பு. அக்காலத்தில் படம் விழுவது கண்ணாடித் தகட்டின்மேல். அத்தகட்டில் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் கேமராவில் செருகிப் படம் எடுத்து, அந்த ஈரத்தோடேயே இருட்டில் கழுவியும் ஆகவேண்டும். எல்லாம் சில நிமிடங்களுக்குள் முடியவேண்டும். ஆகவே இருட்டறையையும் உடன் கொண்டு செல்லவேண்டும்! மரப்பெட்டிக் கேமரா, முக்காலி, கண்ணாடித் தகடுகள், மருந்துப் புட்டிகள், கறுப்புத் துணிக் கூடாரம் ஆகிய அத்தனையும் மழை ஓயாத மலைச்சரிவுகளில் ஏற்றப்பட்டன. ஒரு தகடு பழுதானால் அந்த நாளே பழுது. அவ்வளவு இடர்களுக்கும் நடுவே அவர் எடுத்தவற்றுள் ஆயிரக்கணக்கான தகடுகள் இன்றும் பெர்கன் பல்கலைக்கழக நூலகத்தில் காக்கப்பட்டு வருகின்றன.

அவற்றின் பிரதிகள் சிலவற்றைப் பொறுமையாகப் பார்த்தேன். படகுத்துறை தெரிகிறது, மரவீடு தெரிகிறது, மலையின் ஒவ்வொரு வெடிப்பும் எண்ணிவிடலாம்போல் துலக்கமாகத் தெரிகிறது. ஆனால் கடலில் அலை இல்லை. பால் உறைந்தாற்போல் வெண்மையாய்க் கிடக்கிறது. வானிலோ ஒரு சிறகும் இல்லை. காரணம் எளிது. ஈரத் தகட்டில் படம் விழ வினாடிகள் பல தேவை. அத்தனை நேரம் அசையாமல் நின்றதுதான் படத்தில் நிற்கும். அசைந்த அலை பனிமூட்டமாய்க் குழம்பிப்போகும். பறந்த பறவை தடமே இல்லாமல் மறைந்துபோகும். க்னூட்சன் முக்காலியை ஊன்றி நின்றபோது அவர் தலைக்குமேல் பறவைகள் கூச்சலிட்டிருக்கும். அவர் கண் அவற்றைக் கண்டிருக்கும். தகடு மட்டும் காணவில்லை. பிள்ளைகளே, பறவை இருந்தது, படத்தில் விழவில்லை. இது விடையின் முதற்பாதி.

மறுபாதி அத்துணை இனிமையானதன்று.

லோபோட்டன் தீவுத் தொடரின் தென்மேற்குக் கோடியில், கடலின் நடுவே, ரோஸ்ட் என்று ஒரு தீவுக்கூட்டம் இருக்கிறது. கத்தோலிக்கராகிய நமக்கு அதனோடு ஒரு பழைய உறவும் உண்டு. 1431-இல் வெனிஸ் நகரத்துப் பெருமகனும் வணிகருமான பியெத்ரோ குவெரினி கிரீத் தீவிலிருந்து வைன் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு வடகடலுக்குப் புறப்பட்டார். புயல் சுக்கானை முறித்தது. கப்பலைக் கைவிட்டுப் படகுகளில் இறங்கினர். புறப்பட்ட 68 பேரில் எஞ்சிய சிலரே 1432 ஜனவரியில் ரோஸ்டை அடுத்த ஆளில்லாத் தீவொன்றில் ஒதுங்கினர். ரோஸ்ட் மீனவர்கள் அவர்களைக் கண்டெடுத்துத் தங்கள் வீடுகளில் வைத்துப் பேணினர். அன்று நார்வே முழுவதும் கத்தோலிக்க நாடு. சீர்திருத்தச் சபை அங்கே வந்தது அதற்கு நூறாண்டுகளுக்குப் பின்னர்தான். அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 120 பேரின் பக்தியையும், பூட்டு வேண்டாத வாழ்க்கையையும், காற்றில் உலர்த்திய கருவாட்டையும் குவெரினி வியந்து எழுதிவைத்திருக்கிறார். அக்குறிப்பு 1559-இல் ராமூசியோ என்பார் தொகுத்த பயண நூலில் அச்சேறியது.

அக்குறிப்பில் ஒரு செய்தி என் மனத்தைப் பற்றிக்கொண்டது. இளவேனில் தொடங்கியதும் எண்ணற்ற காட்டு வாத்துகள் வந்திறங்கி, தீவெங்கும், ஏன், வீட்டுச் சுவர்களை ஒட்டியும்கூடக் கூடு கட்டினவாம். வீட்டுத் தலைவி கூட்டருகே சென்றால் பறவை மெல்ல எழுந்து அப்பால் நிற்குமாம். அவள் வேண்டிய முட்டைகளை எடுத்துக்கொண்டு அகன்றதும் திரும்பி வந்து அமர்ந்துகொள்ளுமாம். அஞ்சவும் இல்லை, அலறவும் இல்லை. அவை என்ன பறவை என்று அவர் தெளிவாகக் கூறவில்லை. எனக்கோ ஈடர் வாத்தாகவே இருக்கக்கூடும் என்று தோன்றுகிறது. அதைப்பற்றிப் பின்னர் சொல்கிறேன். கேமரா கண்டுபிடிக்கப்படுவதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன், சாவிலிருந்து மீண்ட ஒருவர் சொல்லால் எடுத்த நிழற்படம் அது. கண்ணாடித் தகட்டில் விழாத பறவை அவர் எழுத்தில் விழுந்திருக்கிறது.

இன்றைய ரோஸ்டுக்கு வருவோம். பஃபின் என்னும் சிறு கடற்பறவையை வாழ்த்து அட்டைகளிலும் நாள்காட்டிகளிலும் நீங்கள் கண்டிருக்கலாம். கறுப்பு மேலாடை, வெள்ளை மார்பு, வண்ணக் கோடுகள் தீட்டியதுபோன்ற பெரிய அலகு. சிறு குருவானவர் ஒருவர் திருவுடை தரித்து நிற்பதுபோல் இருக்கும்! 1979-இல் ரோஸ்ட் தீவுகளில் பத்து லட்சத்துக்கும் மிகையான பஃபின் இணைகள் கூடு வைத்திருந்தன. இன்று அதில் ஒரு சிறு பங்கே எஞ்சியுள்ளது. ஒருவரும் அவற்றைச் சுட்டுத் தள்ளவில்லை, தீவை எரிக்கவுமில்லை. பின் நடந்தது என்ன?

பஃபின் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். மண்ணைக் குடைந்த வளைக்குள் அந்த ஒற்றைக் குஞ்சை வளர்க்கும். ரோஸ்டில் அக்குஞ்சின் தலையாய உணவு ஹெர்ரிங் என்னும் மீனின் இளங்குஞ்சுகள். ஹெர்ரிங் தெற்கே, நார்வேயின் மேற்குக் கரையருகே, குளிர்கால இறுதியில் முட்டையிடும். பொரித்த மீன்குஞ்சுகளைக் கரையோர நீரோட்டம் வடக்கே சுமந்துசெல்லும். பஃபின் குஞ்சு வளைக்குள் வாய்திறக்கும் அதே கோடையில் அந்த மீன்திரள் ரோஸ்டைக் கடந்துசெல்லும். இப்படி ஒரு நேர ஒழுங்கு! 1960-களில் எந்திரப் படகுகளும் பெருவலைகளும் வந்தன. அப்பதிற்றாண்டின் இறுதிக்குள் ஹெர்ரிங் கூட்டம் அறவே குலைந்துபோயிற்று. வளைகளில் குஞ்சுகள் பட்டினியால் மடிந்தன. பின்னாளில் மீன் ஓரளவு மீண்டது. ஆயினும் பஃபின் குஞ்சுகளுக்கு நல்ல ஆண்டுகள் அரிதாகவே வாய்த்தன. கடல் வெப்பமடைவதும் இப்போது அதனோடு சேர்ந்துகொண்டது.

இங்கேதான் நிழற்படம் நம்மை ஏமாற்றும் இடமும் இருக்கிறது. பஃபின் இருபது, முப்பது ஆண்டுகள் வாழவல்லது. குஞ்சுகள் ஆண்டுக்கணக்கில் பிழைக்காமற்போனாலும் முதிர்ந்த பறவைகள் இளவேனில்தோறும் தவறாமல் வந்து பாறைமேல் நிற்கும். அப்போது எடுத்த படத்தில் பாறை நிறையப் பறவை இருக்கும். பார்ப்பவர் 'ஆகா, எத்தனை வளம்!' என்பார். வளைக்குள் கைவிட்டுப் பார்ப்பவனுக்குத்தான் அது வெறுமை என்று தெரியும். பிள்ளைகள் இல்லாமற்போன ஊரில் முதியவர்கள் திண்ணைதோறும் அமர்ந்திருந்தால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஊர் நிறைந்திருப்பதாகவே தோன்றும் அல்லவா? இதனால்தான் அறிஞர்கள் ஒற்றைப் படத்தை நம்புவதில்லை. பாறையில் வெளிப்படையாகக் கூடு வைக்கும் பறவைகளை அறிய, ஆண்டுதோறும் அதே இடத்தில் நின்று அதே பாறையைப் படம் எடுத்து, கூடுகளை ஒவ்வொன்றாக எண்ணுகின்றனர். அழகற்ற படங்கள் அவை. எந்தச் சுவரிலும் தொங்கா. ஆனால் அக்கடற்கரையில் எடுக்கப்படும் படங்களுள் மிகுந்த அன்போடு எடுக்கப்படுபவை அவையே என்று நான் கருதுகிறேன்.

கிட்டிவேக் என்னும் சிறிய கடற்காகத்தின் கதையும் இதற்கு உறவானதே. செங்குத்தான பாறைகளில் ஆயிரக்கணக்கில் வாழ்ந்த அது, அவ்விடங்களில் குறைந்துகொண்டே வந்து, இப்போது வடபுல நகரங்களின் சன்னல் விளிம்புகளில் வந்து குடியேறுகிறது. எச்சமும் இரைச்சலும் தாங்காமல் சிலர் வலை கட்டி விரட்டுகின்றனர். டிரொம்சோ நகரிலோ அண்மை ஆண்டுகளில் அவற்றுக்கென்றே மரத்தாலான அடுக்கு மாடங்கள் செய்து நிறுத்தியிருக்கின்றனர். ஊரார் அவற்றைக் கிட்டிவேக் விடுதி என்று வேடிக்கையாகச் சொல்கின்றனர். 2021-இல் வெளியான நார்வேயின் அருகிவரும் உயிரினப் பட்டியலில் பஃபின், கிட்டிவேக் இரண்டும் அழியும் இடரில் உள்ளவையாகக் குறிக்கப்பட்டுள்ளன.

க்னூட்சன் காலத்தில் வானம் நிறையப் பறவைகள். கேமராவுக்கோ அவற்றைப் பிடிக்கத் திறனில்லை. இன்று ஒரு வினாடியை இரண்டாயிரம் கூறுகளாக்கி, அதில் ஒரு கூறில் பறவையின் சிறகை அசையாமல் நிறுத்திவிடுகிறது நம் கேமரா; பறவையோ போய்க்கொண்டிருக்கிறது. இந்த முரணை எண்ணி எண்ணி எனக்கு ஓர் இரவு உறக்கம் வரவில்லை. (உறக்கம் வராமைக்கு, மறையாத கதிரவனும் ஒரு காரணம் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.)

கேமராவின் பசியும் வளர்ந்துகொண்டே வருகிறது. வெண்வால் கடற்கழுகு என்ற பெரும் பறவை அக்கரையில் உண்டு. ஒருகாலத்தில் அதைக் கொல்வோர்க்குப் பரிசுப்பணம் கொடுத்தனர். 1968-இல் சட்டம் அதற்குக் காவலானது. இன்று அது நன்கு பெருகியிருக்கிறது. மகிழ்ச்சிக்குரியதுதான். லோபோட்டன் பகுதியின் டிரோல் ஃபியோர்டில் பயணிகளைப் படகில் ஏற்றிச் சென்று, மீனை எறிந்து கழுகை வரவழைக்கின்றனர். கழுகு பாய்ந்து மீனைக் கவ்வும் அந்தக் கணத்தில் எல்லாக் கேமராக்களும் ஒருசேர ஒலிக்கும். படம் என்னவோ மிக அருமையாக வரும். ஆனால் எனக்கு அது உவப்பாக இல்லை. காட்டரசனை வாசலில் நிறுத்தி வாழைப்பழம் கொடுத்து ஆசி வாங்குவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கடற்பறவைகள் கூடு வைக்கும் சரணாலயங்கள் பலவற்றில், கூடுகாலத்தில் எவரும் கரையிறங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. தாய்ப்பறவை அஞ்சி எழுந்த ஒரு சில நிமிடங்களே போதும். முட்டை குளிர்ந்துவிடும், அல்லது காகம் வந்து கொண்டுபோய்விடும்.

இனி, முன்னர் சொல்லி வைத்த ஈடர் வாத்துக்கு வருகிறேன். லோபோட்டனுக்குத் தெற்கே, வடதுருவ வட்டத்துக்குச் சற்று இப்பால், வேகா என்னும் தீவும் அதைச் சூழ்ந்து ஆயிரக்கணக்கான குறுந்தீவுகளும் பாறைகளும் சிதறிக் கிடக்கின்றன. மரம் இல்லை, காற்றுக்கு மறைவு இல்லை. அங்கே மனிதர் வாழ்ந்தனர். மீன்பிடித்தும், சிறிது பயிர் செய்தும், ஈடர் வாத்தைப் பேணியும் வாழ்ந்தனர். 2004-இல் உலகப் பாரம்பரிய இடமாக யுனெஸ்கோ அதை ஏற்றபோது, பறவை பேணிய பெண்களின் உழைப்பையும் சேர்த்தே பெருமைப்படுத்தியது.

ஈடர் வாத்தில் ஆண் கறுப்பும் வெள்ளையுமாய் மின்னும். பெண் உலர்ந்த கடற்பாசியின் பழுப்பு. இளவேனிலில் அது கடலிலிருந்து கரையேறிக் கூடு தேடும். அக்காலத்துக்கு முன்னதாகவே பெண்கள் கரையில் ஒதுங்கிய கடற்பாசியைச் சேர்த்து, பலமுறை புரட்டிப் போட்டுக் காயவைத்து, கல்லாலும் மிதந்து வந்த மரத்தாலும் சிறு குடில்கள் கட்டி, அவற்றுள் மெத்தைபோல் பரப்பி வைப்பர். வீட்டுத் திண்ணைக்கு அடியிலும் பறவைக்கு அறை உண்டு. பறவை வந்தபின் தீவே அடங்கிவிடும். உரக்கப் பேசக்கூடாது; சுத்தியல் ஒலி எழக்கூடாது; நாயை அவிழ்த்துவிடக்கூடாது; அயலார் வரக்கூடாது. ஏறத்தாழ 25 நாள்கள் தாய்ப்பறவை அநேகமாக உணவின்றியே அடைகாக்கும். தன் மார்பின் மென்தூவியைத் தானே பிடுங்கி முட்டைகளைச் சுற்றிப் பொதியும். ஆண் பறவை அதற்குள் கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சுகளைச் சிறகுக்குள் கூட்டிச் சேர்க்கும் கோழியை நம் ஆண்டவர் உவமையாக்கினார். அவர் கலிலேயாவுக்குப் பதில் இங்கே வாழ்ந்திருந்தால் எந்தப் பறவையைச் சொல்லியிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

குஞ்சுகள் பொரித்து உலர்ந்ததும் தாய் அவற்றைக் கடலுக்கு நடத்திச் செல்லும். அதன் பின்னரே பெண்கள் கூட்டில் எஞ்சிய தூவியைச் சேகரிப்பர். அதிலுள்ள பாசித் துணுக்குகளை நீக்க, நரம்பு கட்டிய யாழ்போன்ற ஒரு மரச்சட்டத்தில் இட்டு நாள்கணக்கில் தேய்த்துச் சுத்தம் செய்வர். ஒரு போர்வைக்கு 60 முதல் 70 கூடுகளின் தூவி வேண்டும். எடை ஒரு கிலோதான். பறவையைக் கொல்லாமல், விரட்டாமல், அது விட்டுச்சென்றதை மட்டுமே எடுத்துக்கொண்டு நடந்த வாணிபம் அது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அக்குறுந்தீவுகளில் பள்ளி இல்லை, மருத்துவர் இல்லை என்று மக்கள் பெருந்தீவுக்கும் நிலத்துக்கும் குடிபெயர்ந்தனர். மனிதர் போனால் பறவைக்கு அமைதி கிட்டியிருக்கும் என்றுதானே எண்ணுவீர்கள்? நடந்தது நேர்மாறு. ஆளில்லாத தீவைப் பறவையும் கைவிட்டது. காகமும் கழுகும் நீர்நாயும் அஞ்சி விலகியது மனிதரின் காவலால்தான். மென்மயிருக்காகப் பண்ணைகளில் வளர்த்து, அங்கிருந்து தப்பியோடிப் பெருகிய அமெரிக்க மிங்க் என்னும் சிறு ஊனுண்ணியும் சேர்ந்துகொண்டது. நான் மேலே மகிழ்ந்து சொன்ன கடற்கழுகின் பெருக்கம் ஈடர் வாத்துக்கு மகிழ்ச்சியன்று என்பதையும் இங்கே சொல்லியாகவேண்டும். இன்று சில குடும்பங்கள் மட்டும் இளவேனில்தோறும் படகேறித் திரும்பிச் சென்று, குடில்களைச் செப்பனிட்டுக் காத்திருக்கின்றன. ஈடர் வாத்தும் இப்போது நார்வேயின் அருகிவரும் உயிரினப் பட்டியலில் ஏறிவிட்டது.

நான் வேகாவுக்குச் சென்றது ஜூலை இறுதியில். கூடுகாலம் முடிந்து பறவைகள் கடலுக்குப் போய்விட்டிருந்தன. மூத்த அம்மையார் ஒருவர் தம் குடில்களை வரிசையாகக் காட்டினார். அடைகாக்கும் பறவையின் படம் ஏதேனும் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். மிகச் சிலவே இருக்கின்றன என்றார். ஏன் என்று வினவியதற்கு, அந்நாள்களில் கூட்டுப் பக்கம் போவதே கூட்டுக்கு வேண்டியதைச் செய்யத்தான், கேமரா கொண்டுபோக ஒருவருக்கும் தோன்றியதில்லை என்றார். அவ்வாண்டு எந்தக் குடிலில் எந்தப் பறவை இருந்தது, அதில் எது முந்தைய ஆண்டும் அதே இடத்துக்கு வந்தது, எது வரவில்லை என்பதையெல்லாம் ஒரு தாளையும் பாராமல் சொல்லிக்கொண்டே நடந்தார்.

கடைசிக் குடிலின்முன் குனிந்து, உள்ளே ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். இப்போது தாராளமாக எடுக்கலாம் என்றார். உள்ளே காய்ந்த பாசியும், ஒரு குழிவும், முட்டையோட்டின் சிறு துண்டு ஒன்றும் இருந்தன.